விட்டதைப் பிடிக்கப் போகும் முன்

"விட்ட பணத்தை விட்ட இடத்திலேயே பிடித்துவிடலாம்." பங்குச் சந்தையில் சாதாரண மக்களைக் கடனாளியாக்குவதில் இந்த எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (எஃப்&ஓ) வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களைப் பற்றிப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தவர்கள். ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். என்னைக் கலங்க வைப்பது அதே ஆய்வின் இன்னொரு விவரம்: அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நஷ்டம் கண்ட பிறகும் முக்கால்வாசிப் பேருக்கு மேல் நிறுத்தவில்லை.

இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. ஆயிரம் ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஆயிரம் ரூபாய் போகும் வலி பெரிது என்பதை உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி 1979-லேயே விளக்கினார்கள். அதனால்தான் சின்ன லாபத்தை அவசரமாக எடுத்துவிடுகிறோம். நஷ்டத்தை மட்டும் "திரும்பி வரும்" என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளில் இந்த வலி ஆட்டிவைக்கும். காலையில் வாங்கிய ஆப்ஷனின் பிரீமியம், சந்தை அசையாமல் நின்றால்கூட, நேரம் குறையக் குறையக் கரையும். "விலை இறங்கியிருக்கு, இன்னும் ரெண்டு லாட் போட்டு ஆவரேஜ் பண்ணலாம்" என்று கை போகும். நஷ்டத்துக்கு வைத்த வரம்பான ஸ்டாப்லாஸைத் தள்ளி வைப்பதும், வீட்டுக் கடன் தவணைக்கு வைத்திருந்த பணத்தை மாற்றிப் போடுவதும் இந்த நேரத்தில்தான்.

அந்த நிமிடத்தில் மன உறுதியை நம்பாதீர்கள். நிதானமாக இருக்கும்போதே பூட்டுப் போட்டுவிடுங்கள். அதற்கு விதிகளிலேயே வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. உங்கள் டிரேடிங் கணக்கை முடக்கச் சொல்லி நீங்களே புரோக்கரிடம் கேட்கலாம். சந்தேகமான நடவடிக்கை தெரிந்தால் முதலீட்டாளர் தற்காத்துக்கொள்ளவென்று செபி கொண்டுவந்த வசதி இது; 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. சந்தை நேரத்தில் கேட்டால் 15 நிமிடத்துக்குள் ஆன்லைன் அணுகலை நிறுத்த வேண்டும், நிலுவை ஆர்டர்களையும் ரத்து செய்ய வேண்டும். ஆனால் ஏற்கெனவே எடுத்த பொசிஷன்கள் அப்படியே இருக்கும்; அவற்றின் லாப நஷ்டம் உங்களுடையதுதான். நிரந்தரமாக விலக நினைப்பவர்கள் எஃப்&ஓ பிரிவையே நிறுத்தச் சொல்லலாம். மறுபடி இயக்கப் புதிதாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஆத்திரம் தணியும்.

நீங்களே போட்ட ஆர்டரில் போன பணத்தை எந்தப் புகாரும் திருப்பித் தராது. நீங்கள் சொல்லாமலே புரோக்கர் வணிகம் செய்திருந்தால், அல்லது நிச்சய லாபம் என்று வாக்குக் கொடுத்திருந்தால், கதை வேறு. கான்ட்ராக்ட் நோட், குறுஞ்செய்திகள், பேச்சுப் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் புரோக்கரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சரிவரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியுங்கள். 21 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அடுத்து ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் போகலாம். விளக்கம் கேட்கச் செபியின் இலவச எண் 1800 22 7575. டெலிகிராம் குழுவில் போலிச் செயலியைக் கொடுத்துப் பணம் பறித்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

நஷ்டப்பட்டவர்கள் வெட்கத்தில் வருமான வரிக் கணக்கையே தாக்கல் செய்யாமல் விடுகிறார்கள். அது இன்னொரு இழப்பு. எஃப்&ஓ நஷ்டம் வணிக நஷ்டமாகக் கருதப்படுகிறது. கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் அடுத்த 8 ஆண்டுகள் வரை வணிக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே நஷ்டத்துக்கு 4 ஆண்டுகள்தான், அதுவும் அதே வகை லாபத்தில் மட்டும்.

வீட்டில் ஒருவர் இரவெல்லாம் செல்போனில் சந்தையைப் பார்க்கிறார், கேட்டால் எரிந்து விழுகிறார், கடன் ஆப்களில் இருந்து அழைப்பு வருகிறது என்றால், முதலில் திட்டாதீர்கள். மொத்தக் கடன் எவ்வளவு என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். தூக்கமின்மையோ வாழ்வே வெறுத்த பேச்சோ இருந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அன்றே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.