மருந்தில்லாத ஊசி



எங்கள் பிசியோதெரபி பிரிவினர் தசைவலிக்கான ‘டிரை நீட்லிங்’ என்னும் சிகிச்சை முறையைக் கற்று வருவதை அறிந்த அன்பர்கள் சிலர், “மெல்லிய ஊசி ஒன்றைக் குத்தி எடுப்பதற்கு இத்தனை பயிற்சி எதற்கு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பயிற்சியைத் தொடங்கும் முன் நாங்களும் ஏறக்குறைய அப்படியே நினைத்திருந்தோம். அதற்கான பதிலை இங்கே சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

தோளில் நோய், பொட்டில் வலி

எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்களில் பீடி சுற்றும் பெண்கள் அநேகர். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கழுத்தைக் குனிந்தபடியே காலை முதல் மாலை வரை இலை வெட்டிச் சுருட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைப்படி கூலி கிடைப்பதால், வலிக்கிறதென்று ஒரு நாள் படுத்தால் அன்றைய வருமானம் இல்லை.

அப்படிப்பட்ட தாயார் ஒருவர், பல ஆண்டுகளாக வலது நெற்றிப்பொட்டில் தீராத வலியோடு வந்தார். கண்ணாடியை மாற்றிப் பார்த்திருந்தார். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி, வயிற்றெரிச்சலையும் சேர்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் பரிசோதித்து, வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொண்ட பின்னரே எங்களிடம் அனுப்பினார்.

கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் டிரபீசியஸ் தசையை விரல்களால் பிடித்துப் பார்த்தோம். கயிறு போல் விறைத்த ஓர் இழையும், அதில் மிளகளவு முடிச்சொன்றும் தட்டுப்பட்டன. அதை மெல்ல அழுத்தியதும், “இதுதான் தம்பி, இதே வலிதான்! நீங்க தோளைத் தொடுறீங்க, எனக்குப் பொட்டுல வலிக்குது” என்றார்.

இந்த முடிச்சையே மருத்துவத்தில் ‘டிரிகர் பாயிண்ட்’ என்கிறார்கள். அளவுக்கு மீறி உழைத்த தசையின் ஒரு சிறு பகுதி சுருங்கியபடியே இறுகிவிடுகிறது. அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, வலியைத் தூண்டும் இரசாயனங்கள் சேர்கின்றன என்று கருதப்படுகிறது. இதன் வலி இருக்குமிடத்தில் மட்டும் நில்லாமல் வேறிடத்துக்கும் பரவும். தோள் தசையின் முடிச்சு தலைவலியாகத் தெரியும். பிட்டத் தசையின் முடிச்சு கால் முழுதும் இறங்கி, நரம்பு வலியைப்போல ஏமாற்றும். வலிக்கிற இடத்தில் மட்டும் தைலம் தேய்த்துப் பலன் காணாதவர்கள் பலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி உண்டு, மருந்து இல்லை

இந்த முடிச்சுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்துவதே டிரை நீட்லிங். ஊசியின் பருமன் பெரும்பாலும் 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை. அதில் துளை கிடையாது, மருந்தும் கிடையாது. ஆகையால்தான் ‘உலர்ந்த ஊசி’ என்று பொருள்படும் இந்தப் பெயர். அக்குபஞ்சர் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஊசி போன்றதே இது. ஆனால் ஊசி போகுமிடம் அக்குபஞ்சரின் நாடிப் பாதைகளைக்கொண்டு அல்ல, தசையின் அமைப்பையும் விரலுக்குத் தட்டுப்படும் முடிச்சையும் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஊசி சரியான இடத்தைத் தொட்டால் தசை ஒரு கணம் துள்ளி அடங்கும்.

ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்புகிற நம் ஜனங்களுக்கு இதை விளக்குவது எளிதாயிருக்கவில்லை. “மருந்தே இல்லாத ஊசிக்கு என்ன பலன்?” என்று அந்தத் தாயாரும் கேட்டார். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் கேட்ட கேள்விதான் இது. அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் 1942-ல் தோள்வலிக்குத் தசைக்குள் மரப்பு மருந்து செலுத்திக் கண்ட பலனை எழுதினார். 1961-ல் அதிபர் கென்னடியின் தனி மருத்துவராகப் பொறுப்பேற்றவரும் அவரே. பின்னர் 1979-ல், செக்கோஸ்லோவாக்கியா நாட்டு மருத்துவர் காரெல் லெவிட், 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் ஊசியால் கிடைத்த பலனை ஆராய்ந்து வெளியிட்டார். சரியான புள்ளியை ஊசி தொட்டபோது, மருந்தின்றியே 100-க்கு ஏறக்குறைய 87 இடங்களில் வலி உடனே தணிந்தது. மருந்து மட்டுமல்ல, ஊசி முனையே வேலை செய்கிறது என்பது இதனால் விளங்கிற்று. 1980-ல் கனடாவில் சான் கன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், நாள்பட்ட இடுப்புவலியால் வேலையிழந்திருந்த 56 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், ஊசிச் சிகிச்சையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலைக்குத் திரும்பினார்கள்.

விரலுக்கே முதல் பாடம்

பயிற்சியின் ஆரம்ப நாட்களில் எங்கள் கையில் ஊசி தரப்படவில்லை. கல்லூரியில் படித்த உடற்கூறு பாடத்தை மறுபடியும் படித்தோம். ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதனடியில் எந்த நரம்பு, எந்த இரத்தக்குழாய் என்று ஒருவர் முதுகில் ஒருவர் பேனாவால் வரைந்து காட்டவேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மட்டும் இறுகிய இழையைத் தேடவேண்டும். பல நாட்கள் எங்களுக்கு எல்லாமே முடிச்சாகத் தெரிந்தது. அல்லது ஒன்றுமே தெரியவில்லை.

ஊசி கைக்கு வந்தபோது, முதலில் எங்கள் தசைகளிலேயே ஒருவருக்கொருவர் குத்திக்கொண்டோம். தசை துள்ளும்போது எப்படியிருக்கும், மறுநாள் அந்த இடம் எப்படி நோகும் என்பதை அனுபவித்து அறிந்த பிறகே நோயாளியிடம் அதைப்பற்றிப் பேச முடிந்தது. ஒரு முறை குத்திய ஊசியை மறுபடி பயன்படுத்தக்கூடாது. எடுத்தவுடன் குத்து ஊடுருவாத பெட்டியில் போட்டுவிடவேண்டும். இந்த ஒழுங்கில் ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் இல்லை. ஆகையால் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய ஊசிகளே செலவாகின்றன.

ஊசி போகக்கூடாத இடம்

எங்கள் பயிற்சியாளர் ஓயாமல் கேட்ட கேள்வி, “நுரையீரல் எங்கே இருக்கிறது?” என்பதே. நுரையீரலின் மேல்முனை காறை எலும்புக்கும் மேலாக, கழுத்தடி வரை ஏறி நிற்கிறது. அந்தத் தாயாருக்கு முடிச்சு இருந்த தோள் தசை அதற்கு வெகு அருகில் உள்ளது. அங்கே ஊசி ஆழமாகத் தவறான திசையில் போனால் நுரையீரலில் துளை விழுந்து, காற்றுக் கசிந்து, மூச்சே திணறிப்போகும். இது அரிதாகவே நேரும். ஆனால் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் தசையை இரு விரல்களுக்கிடையே பற்றி உயர்த்தி, அந்த விரல்களுக்கு நடுவே மட்டும் ஊசியைச் செலுத்தவேண்டும். வீட்டுக்குப் போன பிறகு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், இரவானாலும் தாமதிக்காமல் வரும்படி சொல்லி அனுப்பவேண்டும்.

பயிற்சியின்போது இளைஞர் ஒருவர் தோள்வலியோடு வந்தார். முடிச்சு தெளிவாகத் தட்டுப்பட்டது. நாங்களும் ஊசியை எடுக்க ஆயத்தமானோம். “என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று பயிற்சியாளர் கேட்டபோதுதான், அவர் இருதய வால்வு மாற்றிக்கொண்டவர், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்கிறவர் என்று தெரிந்தது. அவருக்கு ஊசியால் உள்ளே இரத்தம் கசியக்கூடும். ஊசியைத் திருப்பி வைத்துவிட்டு, வெந்நீர் ஒத்தடமும் பயிற்சிகளும் கொடுத்தோம். அந்தக் கேள்வியைக் கேட்க மறந்திருந்தோமே என்ற வெட்கம் எங்களுக்கு இன்னும் மாறவில்லை. அன்று முதல், கேட்கவேண்டியவற்றைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

வலி தணிந்த பின்

அந்தத் தாயாருக்கு மூன்று முறை ஊசிச் சிகிச்சை செய்தோம். முதல் இரண்டு நாள் தோள் நொந்தது. பிறகு தலைவலி நன்றாகக் குறைந்து, மாத்திரையை நிறுத்தினார். ஆனால் சில வாரங்களுக்குப்பின் வலி திரும்பியது. அவர் பழையபடியே குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றினார், வேறென்ன செய்வார்?

டிரை நீட்லிங் சில வாரங்களுக்கு வலியைத் தணிக்க உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நெடுங்காலப் பலனுக்குச் சான்று குறைவே. இந்த உண்மையை உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. ஊசி கொடுப்பது ஓர் அவகாசம். அந்த அவகாசத்தில் தசையை நீட்டவும் பலப்படுத்தவும் பழக்கவேண்டும். இம்முறை அவருடைய தட்டை மடியிலிருந்து எடுத்துச் சிறு பலகையின்மேல் உயர்த்தி வைக்கச் சொன்னோம். முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரவும், ஒவ்வொரு கட்டு முடிந்ததும் தோளைச் சுழற்றி ஒரு நிமிடம் நிமிரவும் கற்றுக்கொடுத்தோம். இப்போது வலி எப்போதாவதுதான் வருகிறது என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் பலகை வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம்.

ஊசியைக் குத்தச் சில விநாடிகள் போதும். எங்கே குத்துவது, யாருக்குக் குத்தாமல் விடுவது என்று அறிவதற்கே இத்தனை பயிற்சி. 

அன்புடன்,
பிசியோதெரபி பிரிவினர்