தராசு சமமாக நின்றால் வீரன் காலி!

பகடை உருட்டி பூதத்தோடு சண்டை: மேஜை ஆட்டத்தில் ஒரு உயிர்க் கணக்கு

மேஜையைச் சுற்றி 5 பேர். நடுவில் ஒரு வரைபடம். பக்கத்தில் பென்சில், காகிதம், 20 முகம் கொண்ட ஒரு பகடை.

பகடை உருளுகிறது. எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். விழுந்த எண் 3.

அவ்வளவுதான்! மந்திரவாதி செத்தான்.

செத்தது காகிதத்தில்தான். ரத்தம் இல்லை, போலீஸ் இல்லை. ஆனால் அந்த மந்திரவாதிக்குப் பெயர் வைத்து, ஊர் பேர் எழுதி, வாராவாரம் வளர்த்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் முகத்தைப் பார்க்க முடியாது! "சரி, நான் கிளம்பறேன்" என்று எழுந்துவிடுவார். அடுத்த வாரம் வரமாட்டார். கொஞ்ச நாளில் கூட்டமே கலைந்துவிடும்.

"டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்" ஆடும் மேஜைகளில் இந்தக் கதை பல முறை நடந்திருக்கிறது.

குற்றவாளி யார்?

இந்த ஆட்டம் பிறந்தது 1974-ம் ஆண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊர்க்காரர் கேரி கைகாக்ஸ், பக்கத்து மின்னசோட்டா மாநிலத்துக்காரர் டேவ் ஆர்ன்சன். இந்த இருவரும்தான் கர்த்தாக்கள். முதலில் அச்சடித்தது 1,000 பிரதிகள்தான்.

ஆட்டம் இதுதான்: நாலு பேர் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் எடுப்பார்கள். ஐந்தாவது ஆள் "டஞ்சன் மாஸ்டர்". குகை அவருடையது. பூதம் அவருடையது. எந்தப் பூதம், எத்தனை பூதம் என்று முடிவு செய்வதும் அவரே.

எனவே ஒரு வீரன் அநியாயமாகச் செத்தால், பகடை மேல் பழி போட்டுப் பயனில்லை. பல சமயம் குற்றவாளி, சண்டையைத் தப்பாகக் கணக்குப் போட்ட டஞ்சன் மாஸ்டர்தான்!

சமம் என்றால் சாவு!

"இதில் என்ன கஷ்டம்? ரெண்டு பக்கமும் சம பலம் வைத்தால் போச்சு" என்று தோன்றும்.

அங்கேதான் ஆபத்து. சம பலம் என்றால் ஜெயிக்கவும் தோற்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு சண்டை என்றால் சரி. வரிசையாக 4 சண்டை வந்தால்? நாலிலும் ஜெயிக்க 16-ல் ஒரு வாய்ப்புதான்! கதை இரண்டாம் வாரத்தைத் தாண்டாது.

ஆகவே தராசு வீரர்கள் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் சாய்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. உள்ளங்கை வியர்க்க வேண்டும், உயிர் மிஞ்ச வேண்டும். சூட்சுமம் இவ்வளவுதான்.

ஆரம்ப காலத்தில் இதற்கு ஒரு சுலப வழி இருந்தது. குகையில் கீழே இறங்க இறங்கப் பூதத்தின் பலம் கூடும். எவ்வளவு ஆழம் போவது என்பது வீரர்கள் இஷ்டம். பேராசைப்பட்டு இறங்கினால் அவர்கள் பாடு!

2000-ம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு ஒரு அளவுகோல் வைத்தது. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு எண். அந்த எண்ணும் 4 வீரர்களின் படியும் ஒன்றாக இருந்தால், அந்தச் சண்டையில் அவர்களுடைய உயிர்ப் புள்ளி, மந்திரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய 20 சதவீதம் கரையும். சரிசமமான பூதம் என்று பெயர். உண்மையில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவு. சாய்ந்த தராசு!

ஒரு ராட்சசனா, 4 குட்டிப் பிசாசா?

இன்னொரு சூட்சுமம் உண்டு. பூதத்தின் பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. கைகளை எண்ண வேண்டும்.

2014-ம் ஆண்டுப் புத்தகத்தில் "ஓகர்" என்ற ராட்சசனுக்கு 59 உயிர்ப் புள்ளி. அவன் கதாயுதத்தால் ஓர் அடி அடித்தால் சராசரி 13 புள்ளி போகும். ஆனால் ஒரு சுற்றுக்கு அவனுக்கு ஒரே அடிதான். எதிரே நாலு பேர் நாலு அடி அடிக்கிறார்கள். பகடை கொஞ்சம் கை கொடுத்தால் மூன்று சுற்றில் ராட்சசன் தரையில் கிடப்பான்.

"காப்ளின்" என்ற குட்டிப் பிசாசுக்கு 7 புள்ளிதான். நாலு சேர்ந்தாலும் 28. ராட்சசனில் பாதி கூட இல்லை! ஆனால் நாலு வில், நாலு அம்பு. எய்துவிட்டுப் புதருக்குள் ஒளிந்துகொள்ளும் வித்தையும் தெரியும்.

அதனால்தான் அந்தப் புத்தகம் கூட்டத்துக்குத் தனி வட்டி போட்டது. பிசாசுக்கு 50 வீதம் நாலுக்கு 200. கூட்டமாக வந்தால் இரண்டால் பெருக்கு: 400. முதல் படியில் இருக்கும் 4 வீரர்களுக்கு அதுவே "உயிருக்கு ஆபத்து" கோடு! ராட்சசனுக்கு 450. குட்டிப் பிசாசுகள் கிட்டத்தட்ட அவன் தோளில் நிற்கின்றன.

ராட்சசனிடம் வேறு ஆபத்து. புது மந்திரவாதிக்கு 8 புள்ளி இருந்து, கதை ஒரே போடில் 16 எடுத்துவிட்டால், மயக்கம் கூடக் கிடையாது. நேரே பரலோகம்!

அட்டவணையே மாறியது!

2024-ல் வந்த புதுப் புத்தகம் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டது. வட்டி இல்லாமல் அதே 4 குட்டிப் பிசாசுக்கு 200 புள்ளிதான். புதுக் கணக்கில் அது முதல் படி வீரர்களுக்கு "குறைவு" என்ற வரிசை. பத்து வருஷம் முன்பு உயிருக்கு ஆபத்து, இப்போது சாதாரணம்!

அட்டவணையை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

வீரர்கள் எந்த நிலையில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2014-ம் ஆண்டுக் கணக்கு, ஒரு பகலில் 6 முதல் 8 சண்டை தாங்கும் என்று வைத்துப் போட்டது. ஒரே சண்டையோடு ஆட்டத்தை முடித்தால், வீரர்கள் இருக்கிற மந்திரம் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டி, பூதத்தை நிமிஷத்தில் காலி செய்துவிடுவார்கள். அதே பூதம் ஏழாவது சண்டையில் வந்தால், மந்திரவாதி கையில் வெறும் தடிதான் மிஞ்சியிருக்கும்.

தப்பிக்க ஒரு கதவு

எவ்வளவு கணக்குப் போட்டாலும் பகடை ஒரு நாள் கழுத்தை அறுக்கும். அதற்கும் வழி உண்டு. தோல்வி வேறு, சாவு வேறு என்று வைத்துவிட வேண்டும்.

2014-ல் புதியவர்களுக்காக வந்த பெட்டியில் முதல் சண்டையே 4 காப்ளின்கள் வழிமறிப்பதுதான். வீரர்கள் தோற்றால்? காப்ளின்கள் கொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவர்களை அப்படியே போட்டுவிட்டு, வண்டியைக் கொள்ளையடித்துக்கொண்டு போய்விடும். விழித்தவர்களுக்குப் பழி வாங்க ஒரு காரணம் கிடைக்கிறது. கதை நிற்கவில்லை!

பூதத்துக்கும் உயிர்ப் பயம் உண்டு. 1981-ம் ஆண்டு விதியில், கூட்டாளி ஒருவன் விழுந்ததும் இரண்டு பகடை உருட்டிப் பூதங்களின் தைரியத்தைச் சோதிப்பார்கள். குட்டிப் பிசாசுக்குத் தைரியம் 7. அதற்கு மேல் விழுந்தால் ஓட்டம்! கடைசி ஆள் வரை நின்று சாக வேண்டும் என்று பூதத்துக்கும் விதி இல்லை, வீரனுக்கும் விதி இல்லை.

வரைபடத்தில் ஒரு பின்கதவு, ஒரு பாலம், பணம் கொடுத்தால் விடுகிற ஒரு பேராசைக்காரத் தலைவன். இதில் ஒன்று இருந்தால் போதும். மந்திரவாதி பிழைப்பான்.

அவனை வளர்த்தவரும் அடுத்த வாரம் பென்சிலோடு வந்து உட்காருவார்.