துறைமுகச் சுவரும் வடசென்னைக் கரையும்

வடிவமைப்பு என்றதும் கட்டடத்தின் தோற்றமும் அதன் அழகுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. எனினும், ஒரு கட்டுமானம் தன்னைப் பயன்படுத்துவோருக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதோடு, அதன் அருகில் வாழ்வோரை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே அதன் வடிவமைப்பை மதிப்பிட வேண்டும் என்பதற்கு, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரை கண்கூடான சான்றாக விளங்குகிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து கரைசேர்த்தன. இந்த இடரைப் போக்க 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அவை மீண்டும் கட்டப்பட்டன. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்ததால், 1904இல் துறைமுகத்தின் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் அது மூடப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கப்பட்டது. கப்பல்களைப் பொறுத்தவரை இது நல்ல வடிவமைப்பே.

ஆனால், இக்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் மணல் கரையோரமாகவே இடம்பெயர்கிறது. பருவக்காற்று மாறும்போது அதன் திசையும் மாறினாலும், ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே அதிகம். அந்த ஓட்டத்தைத் துறைமுகச் சுவர் மறித்ததால், தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமான கடற்கரையாக்கியது. வடக்கே, அலைகள் அரித்துச் சென்ற மணலை ஈடுசெய்யப் புதுமணல் வராமையால், இராயபுரம், திருவொற்றியூர்க் குப்பங்கள் கரையையும் வீடுகளையும் இழந்தன. நகரம் மாலையில் காற்று வாங்கும் மணற்பரப்பும் மீனவர் இழந்த மணற்பரப்பும் ஒரே சுவரின் விளைவுகள்.

அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கொட்டப்பட்ட பாறாங்கற்கள் சாலையையும் வீடுகளையும் காத்தன என்றாலும், படகை இழுத்து ஏற்றவும், வலையை விரித்துச் சீர்செய்யவும், கருவாடு காயவைக்கவும் மீனவருக்கு வேண்டிய மணற்சரிவை அவை திருப்பித் தரவில்லை. அதன் பின்னர், 2004ஐ ஒட்டி, சென்னை ஐஐடியின் கடற்பொறியியல் துறை வடிவமைத்த தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்கள், அமைக்கப்பட்டன. மணலின் போக்கை அறிந்து அமைத்த இச்சுவர்களுக்கிடையே மணல் சேர்ந்து, படகுகள் நிற்பதற்குச் சிறு கரைகள் மீண்டும் உருவாயின. எனினும், ஓரிடத்தில் தங்கும் மணல் அதற்கு வடக்கேயுள்ள கரைக்குக் குறையும் என்பதால், இத்தீர்வையும் ஊர் ஊராகத் துண்டுபோட்டுப் பார்க்காமல், கரை முழுவதையும் ஒன்றாகக் கருதியே திட்டமிட வேண்டும்.

இன்று எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்க, அவற்றுக்கு வடக்கே பழவேற்காட்டு மீனவர் வாழ்கின்றனர். கடலில் இனி எழும் ஒவ்வொரு சுவருக்கும் வரைபடம் உறுதியாகுமுன், வடக்கேயுள்ள குப்பத்து மக்களிடம் கருத்துக் கேட்பதும், மணல் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பைத் திட்டச் செலவிலேயே சேர்ப்பதும் அரசின் கடமை.