பொன்னியின் செல்வனை ஒகேனக்கல்லில் இருந்து படிக்கலாம்!

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஓர் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கரையெங்கும் திருவிழாக் கூட்டம். தர்மபுரி மாவட்டப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை. ஆடி 18 அன்று ஒகேனக்கல்லில் கூடும் கூட்டம் அவர்களுக்குப் பழக்கமானது. அங்கே அருவியாக விழும் காவிரிதான் மேட்டூர், முக்கொம்பு, கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணத்துக்கும் போகிறது.

இப்படி நம் ஊரில் இருந்தே தொடங்க வேண்டிய நாவல் வாசிப்பு, பல பள்ளிகளில் 'புராஜெக்ட்' என்ற பெயரில் தெர்மகோல் அரண்மனையாகவும் இணையத்தில் எடுத்த கதைச் சுருக்கமாகவும் முடிந்துவிடுகிறது. அதிலும் பாதி வேலை பெற்றோருடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.54 சதவிகித எழுத்தறிவுடன் மாநிலத்தில் கடைசி இடத்தில் இருந்தது தர்மபுரி. அப்பா, அம்மா பள்ளிக்கே போகாத வீட்டுப் பிள்ளையிடம் கடைச் செலவும் பெற்றோர் உதவியும் கேட்கும் புராஜெக்ட், அந்தப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

எனவே ஆசிரியர்கள் ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறக்காமலே இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால், அது வேண்டாம். இதோ, செலவில்லாத ஐந்து யோசனைகள்.

ஆளுக்கு ஓர் அத்தியாயம்

ஐந்து பாகம், 293 அத்தியாயம் என்றதும் பிள்ளைகள் மிரள்வார்கள். முதல் பாகமான 'புது வெள்ளம்' மட்டும் போதும். அதில் 57 அத்தியாயங்கள். கல்கியின் நூல்கள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால், மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லோரும் படித்துவர, ஆளுக்கு ஓர் அத்தியாயத்தை வகுப்பில் ஐந்து நிமிடம் கதையாகச் சொல்ல வேண்டும். சொல்பவர் எதையாவது விட்டுவிட்டால் அடுத்தவர் பிடித்துக்கொள்வார்!

வீட்டுக்கு ஒரு வாசகர்

1950 முதல் 1954 வரை இது தொடராக வந்தபோது, ஒருவர் உரக்கப் படிக்க வீடே உட்கார்ந்து கேட்டது உண்டு. அதையே இப்போதும் செய்யலாம். மாணவி இரவில் பாட்டிக்கோ அம்மாவுக்கோ ஒரு பகுதியைப் படித்துக் காட்டி, அவர்கள் கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதிவர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிதான் பெரும்பாலும் நல்ல கேள்வி கேட்பார்.

வந்தியத்தேவன் போன வழி

வீராணம், கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, பிறகு கடல் கடந்து இலங்கை. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் இந்த வரைபடத்தைப் போடலாம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாணவர் நின்று, அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வகுப்பறை வழக்கு

இது மேல்நிலை வகுப்புக்கு. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி பட்டென்று சொல்லிவிடவில்லை. நந்தினி, ரவிதாசன், பெரிய பழுவேட்டரையர், வந்தியத்தேவன் நால்வரையும் கூண்டில் ஏற்றலாம். பக்க எண் சொல்லாத வாதம் செல்லாது. தீர்ப்புக்குப் பிறகு, கொலையில் தொடர்புடைய ரவிதாசன் முதலானோரைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி ஆசிரியர் சொல்லலாம். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை, ரவிதாசன் வரலாறு என்று தெரியவரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நம்ம ஊர் நடுகல்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையின் கணவர் என்று வந்தியத்தேவனின் பெயரைச் சொல்கிறது. அப்படிக் கிடைத்த சில வரிகளில் இருந்துதான் கல்கி ஒரு கதாநாயகனையே உருவாக்கினார். தர்மபுரியோ நடுகற்களின் மாவட்டம். ஆநிரைகளை மீட்கும் சண்டையில் இறந்தவர்களுக்கு நட்ட கற்களும் அவற்றில் உண்டு. நகரில் உள்ள அரசு அகழ்வைப்பகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய், ஆளுக்கு ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். கல்லில் இருப்பது எவ்வளவு என்று முதலில் எழுத வேண்டும். அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அந்த வீரரின் கடைசி நாளைக் கதையாக எழுத வேண்டும். வரலாறு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை அந்த ஒரு கோடே கற்றுக்கொடுத்துவிடும்.

மதிப்பெண் போடும்போது அழகான கையெழுத்துக்கும் கலர் பேப்பருக்கும் எதுவும் வேண்டாம். புத்தகத்தில் இருந்து எடுத்துக்காட்டிய இடங்களுக்குப் பாதி, சொந்தமாக யோசித்ததற்குப் பாதி என்றால் போதும்.

நாளுக்கு ஓர் அத்தியாயம் வீதம் ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பித்தால், ஆடிப்பெருக்குக்குள் முதல் பாகம் முடிந்துவிடும். அந்த வருடம் ஒகேனக்கல்லுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும்.