பந்தயக் களத்தை விட்டகலும் கார்க் கம்பெனிகள்

வஹகோட்டைப் புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு யாத்திரிகர்களை ஏற்றி வரும் வான்களையும் கார்களையும் கவனித்தால், டொயோட்டா, ஹொண்டா, நிசான் முதலிய யப்பானியப் பெயர்களைத் தாங்கியவை பல அவற்றிடையே நிற்பதைக் காணலாம். அவற்றை வாங்கியோர் எரிபொருட் செலவை ஆராய்ந்திருப்பர். உதிரிப்பாகம் கிடைக்குமா என்று வினவியிருப்பர். அக்கம்பெனி உலக மோட்டார்ப் பந்தயத்தில் வெற்றி பெற்றதா என்று கேட்டு வாங்கியவர் மிகச் சிலரே. அவ்வாறாயின், இக்கம்பெனிகள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டிப் பந்தயக் களத்திற் புகுந்தது ஏன்? புகுந்தவை, ஒரு நாட் காலையில் அறிக்கை ஒன்றை வெளியிட்டு வெளியேறியது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காணுமிடத்து, கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வளர்ந்த இரு இளைஞரின் வரலாறும் அதனோடு பிணைந்து கிடப்பதை நேயர்கள் காண்பர்.

மோட்டார்ப் பந்தயங்களுள் தலையாயது ஃபோர்முலா வன் எனப்படுவது. இதன் உலகச் சாம்பியன் பட்டப் போட்டி 1950ஆம் ஆண்டு தொடங்கியது. முதலிரு ஆண்டுகளிலும் பட்டம் பெற்றவர்கள் இத்தாலியின் அல்ஃபா ரோமியோ கார்களை ஓட்டியவர்களே. ஆனால் 1951ஆம் ஆண்டு முடிவில், புதிய கார் செய்வதற்குப் பணமின்றி அக்கம்பெனி விலகிற்று. எதிர்த்து நிற்கத் தக்க கார்கள் போதாமையால், அடுத்த இரண்டு ஆண்டுகளும் உலகப் போட்டியையே அதனினும் தாழ்ந்த வகுப்பு விதிகளின்படி நடத்த நேர்ந்தது. ஒரு கம்பெனியின் விலகல் ஆட்டத்தின் விதியையே மாற்றியது என்றால் அதன் கனத்தை உணரலாம்.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் கம்பெனி வேறொரு சூழ்நிலையில் விலகியது. 1955ஆம் ஆண்டு யூன் மாதம் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், மெர்சிடிஸ் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு முடிவில் அக்கம்பெனி பந்தயங்களை விட்டு நீங்கியது. தன் சொந்த அணியோடு அது ஃபோர்முலா வன் களத்துக்கு மீண்டது 2010ஆம் ஆண்டிலேதான்.

ஹொண்டாவின் வரலாறோ வருவதும் போவதுமாகவே அமைந்தது. 1964இல் வந்தது, 1968இல் அதன் காரில் ஒரு பிரெஞ்சு ஓட்டுநர் தீயில் மாண்ட அதே ஆண்டின் முடிவில் விலகியது. 1983இல் இயந்திரம் வழங்கும் கம்பெனியாக மீண்டு, 1992இல் நீங்கியது. 2000இல் மீண்டும் வந்தது. 2008ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்றது. 2015இல் வந்து, 2021இல் விடைபெற்றது. குளத்துப் பறவைகள் நீர் வற்றும்போது பறந்து, நிறையும்போது திரும்புவதை ஒத்தது இது. எனினும் பறவை போனால் குளத்துக்குக் கேடில்லை. இங்கே நிலைமை வேறு.

2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்க வங்கிகள் சரிந்தன. அதனைத் தொடர்ந்து உலகெங்கும் கார் விற்பனை வீழ்ந்தது. தொழிற்சாலையில் ஆட்குறைப்புச் செய்யும் கம்பெனி, பந்தயத்துக்கு ஆண்டுதோறும் கோடானுகோடி செலவிடுவதை எந்தப் பங்குதாரர் பொறுப்பார்? டிசம்பரில் ஹொண்டா விலகியது. 2009ஆம் ஆண்டு யூலையில் பீ.எம்.டபிள்யூ. தன் முடிவை அறிவித்தது. நவம்பரில் டொயோட்டாவும் அவ்வாறே செய்தது. 2002 முதல் எட்டுப் பருவங்கள் ஓடியும் டொயோட்டா அணி ஒரு பந்தயத்திலேனும் முதலிடம் பெற்றதில்லை. உலகிலேயே மிகுதியாகக் கார் விற்ற கம்பெனிக்கு வெற்றியை மட்டும் விலைக்கு வாங்க இயலவில்லை!

ஹொண்டா கைவிட்ட அணிக்கு நேர்ந்தது கதை போன்றது. இங்கிலாந்தில் பிராக்லி என்னும் ஊரில் அதன் பணிமனை இருந்தது. அவ்வணியின் தலைவராயிருந்த ரொஸ் பிரவுண், அதனைப் பெயரளவிலான விலைக்கு வாங்கினார். பணியாளருட் பெருந்தொகையினர் வேலையிழந்தனர். எஞ்சியோர் மெர்சிடிஸ் இயந்திரத்தை இரவல் இடத்திற் பொருத்துவது போல அக்காரிற் பொருத்தி, 2009ஆம் ஆண்டின் இரு பட்டங்களையும் வென்றனர். ஹொண்டாவின் பணத்தில் வரையப்பட்ட கார் பிறர் பெயரில் வென்றது. அவ்வணியைப் பின்னர் மெர்சிடிஸ் வாங்கி, 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிப் பட்டத்தைக் கைப்பற்றியது. ஹொண்டா இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் பேசுவோர் உளர். ஆனால் வேலையிழந்தோருக்கு அந்த வெற்றியாற் பயன் விளையவில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும்.

இனி நம் பக்கத்து வரலாற்றுக்கு வருவோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2001ஆம் ஆண்டில் ஃபோர்முலா வன் காரை முதன்முதல் ஓட்டிப் பார்த்தது ஜாகுவார் அணியிலாகும். அவ்வணி ஃபோர்ட் கம்பெனிக்கு உரியது. 2004ஆம் ஆண்டு ஃபோர்ட் அவ்வணியை விற்றதோடு, தன் இயந்திரத் தொழிற்சாலையாகிய கொஸ்வர்த்தையும் விற்றது. அதன் இயந்திரத்தை நம்பியிருந்த ஜோர்டன் என்னும் சிறிய அணி, எருது இழந்த வண்டி போலாயிற்று. டொயோட்டா இயந்திரம் கொடுத்து உதவியது. அணியின் உரிமையும் 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கைமாறியது. நலிந்த அந்த அணியிலேதான் அவ்வாண்டு நரேனுக்கு இடம் கிடைத்தது. ஃபோர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே. அமெரிக்காவின் இந்தியானாபொலிசில், டயர்க் குறைபாட்டால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடின; நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அதனை எளிதிற் கிடைத்த புள்ளி எனக் குறைத்துரைப்போர், அப்பந்தயத்தின் இறுதிவரை அவர் ஓட்டினாரென்பதை மறந்துவிடுகின்றனர்.

சென்னையின் கருண் சந்தோக்கிற்கும் கதவு இவ்வாறே திறந்தது. ஹொண்டா விலகியபின் களம் வெறுமையாகிவிடும் என்று அஞ்சிய நிருவாகத்தார், செலவுக்கு வரம்பு விதிப்பதாகக் கூறிப் புதிய அணிகளை அழைத்தனர். 2010ஆம் ஆண்டில் மூன்று அணிகள் வந்தன. மூன்றும் கொஸ்வர்த் இயந்திரத்தையே நாடின. அவற்றுள் ஒன்றாகிய ஸ்பானிய அணியில் கருணும், மறு ஆண்டில் நரேனும் இடம்பெற்றனர். ஆனால் வாக்களித்த செலவு வரம்பு அப்பொழுது வரவில்லை. அது நடைமுறைக்கு வந்தது 2021இல். அதற்குள் அந்த மூன்று அணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. ஸ்பானிய அணி 2012ஆம் ஆண்டோடு முடிவுற்றது. அத்துடன் நரேனின் ஃபோர்முலா வன் ஓட்டமும் முடிந்தது.

ஆகவே, பெருங்கம்பெனி விலகுவதால் இளைஞருக்கு இடம் பிறக்கின்றது என்று கூறுவது அரை உண்மையேயாம். இடம் பிறக்கின்றது, ஆனால் வெல்லக்கூடிய கார் பிறப்பதில்லை. பணம் உள்ள அணிக்கும் இல்லாத அணிக்கும் ஒரு சுற்றில் ஐந்தாறு விநாடி வேற்றுமை இருந்த காலத்தில், ஓட்டுநரின் திறமை எவ்வாறு வெளிப்படும்?

கம்பெனிகளை நோவதிலும் பொருளில்லை. ஃபெராரிக்குப் பந்தயமே குலத்தொழில். 1950 முதல் ஒவ்வோர் ஆண்டும் களத்தில் நின்ற அணி அது ஒன்றே. ஏனைய கம்பெனிகளுக்குப் பந்தயம் விளம்பரமும் ஆராய்ச்சியுமாகும். குடும்பத்தில் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது திருவிழாச் செலவுதானே. அவை அறிவிக்கும் முறையே கண்டிக்கத் தக்கது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு தங்கியிருக்கும்போது, நத்தார்ப் பண்டிகைக்குச் சில வாரங்களே இருக்க அறிவிப்பது முறையன்று.

காரணமும் காலத்துக்கேற்ப மாறுகின்றது. 2020ஆம் ஆண்டு ஹொண்டா தன் விலகலை அறிவித்தபோது, கரிப்புகையற்ற வாகனங்களை ஆக்குவதில் முழுக்கவனம் செலுத்தப் போவதாகக் கூறிற்று. பிரான்சின் ரெனோல்ட் கம்பெனியும் ஃபோர்முலா வன் இயந்திரம் செய்வதை 2025ஆம் ஆண்டோடு நிறுத்துவதென முடிவு செய்தது. பாரிசுக்கு அண்மையிலுள்ள அதன் தொழிற்சாலைப் பணியாளர் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. 2026ஆம் ஆண்டுக்கான புதிய விதிகள் மின்விசைக்கு அதிக இடம் கொடுத்தமையால், ஔடி உள்ளே வர முடிவு செய்தது; பீ.எம்.டபிள்யூ. கைவிட்ட அதே சுவிஸ் அணியே அதற்கு உரியதாயிற்று.

நரேன் ஓட்டிய ஜோர்டன் அணியோ பல பெயர்களைப் பூண்டது. 2008 முதல் 2018 வரை ஃபோர்ஸ் இந்தியா என வழங்கிற்று; 2021 முதல் அதன் பெயர் ஆஸ்டன் மார்ட்டின். சில்வர்ஸ்டன் ஓடுபாதைக்கு எதிரே அமைந்த அவ்வணிக்கு, 2026ஆம் ஆண்டு முதல் இயந்திரம் வழங்க ஒப்புக்கொண்ட கம்பெனி, மீண்டும் மனம் மாறிய ஹொண்டாவேயாகும்.