ரிமோட் சாவி கைவிட்டால்

பட்டனை அழுத்தினால் கிளம்பும் கார் சௌகரியம்தான், ரிமோட் சாவியின் பேட்டரி தீரும் வரைக்கும். தீர்ந்துவிட்டால் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. சாவித் துவாரமும் கண்ணில் படாது. அழகு கெடுமாம், பல கார்களில் அதைக் கைப்பிடி ஓரம் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளித்துவிடுகிறார்கள்.

ரிமோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு விசை இருக்கும். அதை நகர்த்தினால் உள்ளேயிருந்து நிஜச் சாவி ஒன்று வெளியே வரும். அதைப் போட்டுத் திறக்கும்போது சில கார்களில் அலாரம் அலறும். பதற வேண்டாம், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அடங்கிவிடும்.

ஸ்டார்ட் செய்வது எப்படி? பிரேக்கை, கியர் வண்டியானால் கிளட்சையும், மிதித்தபடி ரிமோட்டாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பல கார்கள் கிளம்பிவிடும். ரிமோட்டுக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சிப்பும் இருக்கிறது. காரில் உள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே அது மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் ரகசிய எண்ணைச் சொல்லும். சற்றுத் தள்ளிப்போனாலும் எடுபடாது, அதனால்தான் ஒட்டிவைக்க வேண்டும். சில மாடல்களில் ரிமோட்டை வைக்க வேண்டிய இடம் வேறு. கார் கையேட்டை இன்றே புரட்டிவிடுங்கள்.

பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். உபரியாக ஒன்று வாங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவைப்பவர்கள் உண்டு. பூட்டிய காருக்குள் கிடந்து அது என்ன செய்யும்? பர்ஸில் வையுங்கள்.