பழைய வி.சி.டி. படம் மங்கலாகத் தெரிவது ஏன்?
சிறு வயதில் டி.வி.யில் பளிச்சென்று பார்த்த 'போக்கிமான்: தி ஃபர்ஸ்ட் மூவி' வி.சி.டி., புதிய கம்ப்யூட்டரில் மங்கலாகத் தெரிகிறதா? மானிட்டரில் கோளாறு என எண்ண வேண்டாம். 1996-ல் வந்த கேம்பாய் விளையாட்டை வைத்து, 1998-ல் ஜப்பானில் வெளியான இப்படம் கையால் வரைந்து ஃபிலிமில் எடுக்கப்பட்டது. எனவே மூலப்படம் தெளிவானதே. ஆனால் வி.சி.டி.யில் 352 × 288 புள்ளிகள்தான் உண்டு. 1920 × 1080 மானிட்டரில் இருப்பதோ ஏறத்தாழ 20 மடங்கு. இல்லாத புள்ளிகளைக் கம்ப்யூட்டர், பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கொண்டு நிரப்புகிறது. மங்கல் அதனால்தான். விஎல்சி பிளேயரில் 'வீடியோ' மெனு சென்று, 'ஜூம்' பிரிவில் '1:1 ஒரிஜினல்' தேர்ந்தெடுங்கள். படம் சிறிதாகும்; கோடுகள் தெளிவாகும். முழுத்திரையில் பார்க்க ப்ளூ-ரே பதிப்பே ஏற்றது. 2019-ல் இதே கதை கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் புதிதாக எடுக்கப்பட்டது. நீங்கள் அன்று ரசித்த ஓவியங்கள் அதில் இருக்காது. வி.சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!